ஒரு பக்கம் மட்டும் பார்த்த சுவர்

என் பழைய கோப்பு ஒன்றில் இரண்டு காகிதங்கள் ஒரே குண்டூசியில் குத்தப்பட்டிருக்கின்றன. முதலாவது ஒரு கால்பக்கச் சீட்டு. "வடக்குச் சுவர் உறுதியாக உள்ளது. உள்ளே வந்து பார்க்க அவசியமில்லை." நீல மை, வலப்பக்கம் சரிந்த அழகான கையெழுத்து, தேதி 1986 ஜனவரி 6. இரண்டாவது, ஐந்து நாள் கழித்து நான் வரைந்து முடித்த ஒரு வீட்டு வரைபடத்தின் நகல். அதன் மூலையில் என் கையெழுத்தும், அதற்கு மேலே என் கைப்படவே எழுதிய மூன்று சொற்களும் இருக்கின்றன: "தென்சுவர் இருபுறமும் பார்வையிடப்பட்டது."

சீட்டு எழுதியவருக்கு அது வடக்குச் சுவர், பக்கத்து மனைக்காரருக்குத் தென்சுவர். இரண்டு காகிதமும் பேசுவது ஒரே சுவரைப் பற்றித்தான். முதல் காகிதத்தில் இருப்பது ஒரு பெரிய மனிதரின் வார்த்தை. இரண்டாவதில் இருப்பது என் பொய்.

வீடு வரையும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கம்பியைப் பற்றியோ ஜல்லியைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். திண்டுக்கல்லில் முப்பத்தோரு வருடம் வரைபலகையோடு உட்கார்ந்திருந்த நான் உங்களுக்கு உருப்படியாகத் தரக்கூடியது என் தவறுகளை மட்டும்தான். அவற்றிலும் பெரியது இது. இதில் வரும் இரண்டு வீட்டுத் தலைவர்களும் இன்று இல்லை. இரண்டு வீடும் கைமாறிவிட்டன. பெயர்களை மாற்றியிருக்கிறேன், தேதிகளை மாற்றவில்லை.

அந்தக் காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் தனி மாவட்டமாகி அப்போது ஆறு மாதம்கூட நிறையவில்லை. பழனி ரோட்டிலும் மதுரை ரோட்டிலும் கடலைக்காடுகள் மனைகளாகிக்கொண்டிருந்தன. வாரத்துக்கு இரண்டு பேராவது என் அறைக்கு வந்து வீடு கேட்பார்கள். வருகிறவர் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில், அவர் வீட்டில் பணம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது.

புதுப்பணம் முகப்பிலிருந்து ஆரம்பிக்கும். கோயம்புத்தூரில் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்வார்கள். பால்கனி வளைந்து வர வேண்டும், ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பார்கள். சமையலறை எங்கே என்று நான்தான் கேட்க வேண்டியிருக்கும். வீட்டைச் சுற்றி ஆளுயர மதில், அதன் மேல் கண்ணாடிச் சில்லு, இரும்புக் கேட்டு. பழைய பணம் என் அறைக்கு வராது; ஆள் அனுப்பிக் கூப்பிடும். எதைக் கட்ட வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், எதைத் தொடக்கூடாது என்று சொல்லும். பகல் முழுவதும் வாசற்கதவு அகலத் திறந்தே இருக்கும். ஆனால் தெருவில் ஒருவரும் முதல் கூடத்தைத் தாண்டிப் போயிருக்க மாட்டார்கள்.

என் மனச்சாய்வையும் சொல்ல வேண்டும். நான் ஒரு பள்ளி ஆசிரியரின் மகன். கல்யாணமாகும்வரை ஏழு வாடகை வீடுகளில் குடியிருந்தவன். பழைய வீடு என்றாலே எனக்கு ஒரு மரியாதை. பழையது உறுதியானது, புதியது வெறும் பூச்சு என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அதையே அளவுகோலாகவும் பயன்படுத்தினேன்.

சீட்டு எழுதியவர் கதிரேசன். புகையிலைக் கிட்டங்கி வைத்திருந்த குடும்பம்; தெருவே அவரை "முதலாளி" என்றுதான் சொல்லும். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவர் வீடு தெருவின் நடுவே கிழக்குப் பார்த்து நின்றது. முன்கட்டு, இரண்டாம் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கூடங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி முற்றம், தனித் தூண்கள். முன்கட்டில் நான்கு தேக்குத் தூண்கள், எண்ணெய் தேய்த்த பளபளப்போடு. சுவரில் ஆளுயரக் கண்ணாடி.

பக்கத்து வீட்டை வாங்கியவர் பழனிச்சாமி. நெய்க்காரப்பட்டிப் பக்கத்துக்காரர். லாரி கிளீனராக ஆரம்பித்து, ஒட்டன்சத்திரம் காய்கறியைக் கேரளாவுக்கு ஏற்றிப் போகும் ஏழு லாரிகளுக்குச் சொந்தக்காரரானவர். ஊருக்கு வெளியே அகலமான ரோட்டில் மனை வாங்காமல், வண்டி திரும்ப இடமில்லாத இந்தத் தெருவில் எதற்கு வாங்கினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"பொண்ணு மூணு இருக்குதுங்க. பைபாஸுல அரமனை கட்டுனாலும், எந்தூருக்காரன்னு கேப்பாங்க. இந்த வீதியில குடிசை போட்டாலும் கேக்க மாட்டாங்க" என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் கதிரேசனின் மகன் என் அறைக்கு வந்து, தகப்பனாருக்குத் தெரியாமல், பழனி ரோட்டில் ஒரு மனைக்கு வீடு வரைந்து தர முடியுமா என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தான். ஸ்கூட்டர் உள்ளே போக வேண்டும், படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை வேண்டும், இல்லாவிட்டால் பெண் தர யோசிக்கிறார்கள் என்றான். இவர் அந்த முகவரிக்காகத் தவித்தார். அவன் அந்த முகவரியிலிருந்து தப்பிக்கத் தவித்தான். இரண்டும் என் நாட்குறிப்பில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அப்போது எனக்கு அதன் பொருள் புரியவில்லை.

பழனிச்சாமிக்குப் பழைய வீட்டை முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். நான் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரைப் பார்க்கப் போனேன். தெருவிலிருந்து பார்த்தால் அது ஒரு சுவரல்ல, இரண்டு. நடுவே கை நுழையும் அளவு இடுக்கு, அதில் குருவிக்கூடு. அவரவர் சுவர் அவரவருக்கு. பழனிச்சாமி தன் சுவரை இடித்தால் கதிரேசன் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் முறை என்று ஒன்று உண்டு. இடிக்கப் போகிற சுவரின் மறுபக்கத்தை, அடுத்த வீட்டுக்குள் போய், கடைசி மூலை வரை பார்க்க வேண்டும்.

ஜனவரி 5-ஆம் தேதி போனேன். கதிரேசன் முன்கட்டில் உட்கார வைத்து வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார். என் தகப்பனாரைப் பற்றி விசாரித்தார். உள்ளே பார்க்கலாமா என்றேன். "நாளைக்குச் சொல்லி அனுப்புறேன்" என்றார். மறுநாள் அந்தச் சீட்டு வந்தது. அந்தக் கையெழுத்தின் முன்னால் என்னால் மறுபடி போய்க் கேட்க முடியவில்லை. கேட்டால் அவர் வார்த்தையைச் சந்தேகப்பட்டதாகும். முகப்பில் இரண்டு சுவர் தெரிந்தது. பின்னால் வரைக்கும் இரண்டு என்று கோடு இழுத்தேன். "பார்வையிடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வரைபடத்தை வாங்க வந்த பழனிச்சாமி அதை விரித்துப் பார்க்கவே இல்லை. மடித்து வைத்துக்கொண்டு, "அந்த ஊட்டுக்குள்ள போயிப் பாத்துட்டீங்களாங்க?" என்றார்.

"பாத்தாச்சு."

"ரெண்டாங்கட்டு வரைக்குங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. லாரிக்காரர் எனக்கு என் தொழிலைச் சொல்லித் தருவதா? கையெழுத்தைக் காட்டி, "படிச்சுப் பாருங்க" என்றேன். அவர் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. மற்றப் பகுதிகளை இடித்து முடித்து, அன்று காலை தென்சுவரின் பின்பாதியில் கை வைத்தார்கள். ஒன்பது மணிக்கு நான் போனபோது பின்சந்து முனையில் பழனிச்சாமியின் லாரி ஒன்று நின்றது. அதிலிருந்து ஆறு ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளும் இரண்டு ஜாக்கிகளும் இறங்கிக்கொண்டிருந்தன. இடிக்கிற வேலைக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"இருக்கட்டுங்க. எறக்கி வெச்சா சோறா கேக்கப்போவுது" என்றார்.

ஒன்பதரை மணிக்கு, சுவரின் மேலிருந்து மேஸ்திரி சவரிமுத்து என்னைக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடவில்லை. கை காட்டினார். சாரத்தில் ஏறிப் போனேன்.

"செத்த இதப் பாருங்க சார். இது ஒங்க படத்துல இல்ல."

செங்கல்லுக்கு நடுவே ஒரு மரத்தின் தலை தெரிந்தது. பெரிய உத்திரம். கதிரேசன் வீட்டு மச்சைத் தாங்கும் உத்திரத்தின் ஒரு முனை, நாங்கள் இடித்துக்கொண்டிருந்த சுவருக்குள் உட்கார்ந்திருந்தது. முகப்பில் இரண்டாக இருந்த சுவர், பின்னால் போகப்போக ஒன்றாகியிருந்தது. இரண்டு வீடும் இரண்டாம் கட்டில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டிருந்தன.

"சொவத்துக்குள்ள உத்திரத்துத் தலை வந்துச்சுன்னா அது நம்ம சொவரு இல்ல சார், ரெண்டு வீட்டுச் சொவரு" என்றார் சவரிமுத்து. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பக்கத்துக் கல்லு அம்புட்டையும் எடுத்துட்டோம். மரம் ஒரு வெரக்கட எறங்கியிருக்கு."

அவர் சொல்லி முடிக்கும்போதே அந்தப் பக்கமிருந்து, காய்ந்த முருங்கைக் கிளை முறிவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து, கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது.

அந்த அழுகையை நான் இன்றும் மறக்கவில்லை. உத்திரத்துக்கு அடியில் ஆள் இருக்கிறது என்று அதுதான் எனக்குச் சொன்னது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கெட்ட செய்தி வந்தவுடன் நமக்கு முதலில் தோன்றுவது, யார் தப்பு என்று கணக்குப் போடுவது. நானும் சாரத்தின் மேல் நின்றபடி அதைத்தான் செய்தேன். சீட்டு என் கோப்பில் இருக்கிறது, அவர்தான் எழுதிக் கொடுத்தார் என்று ஒரு நிமிடம் என் மனம் வழக்காடியது. ஒரு முழு நிமிடம் வீணானது. உங்களுக்கு அது வீணாகக் கூடாது.

சுவர் மேலிருந்த ஆட்களை இறங்கச் சொன்னேன். சுத்தியல் நின்றது. உடனே பழனிச்சாமி கீழேயிருந்து, "சத்தத்த நிறுத்தாதீங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் வாசல் பக்கம் போய், செங்கல் சுரண்டிக்கொண்டிருந்த சித்தாள் பெண்களிடம், தரையில் கிடந்த உடைசல்களைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். அந்தத் தெருவில் ஒரு மாதமாகச் சுத்தியல் சத்தம் கேட்டுப் பழகியிருந்தது. சத்தம் நின்றால்தான் ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். இடிப்பதற்கு மட்டுமல்ல, ஒன்றை மறைப்பதற்கும் சுத்தியல் உதவும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நான் கதிரேசன் வீட்டு முன்வாசலுக்கு ஓடினேன். அவர் முன்கட்டில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். முறிந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"ஐயா, என் தப்பு ஒண்ணு நடந்துபோச்சு. பின்னால ஒரே சுவருதான். உங்க உத்திரம் அதுல நிக்கிது. உள்ள யாரு இருக்காங்க?"

அவர் பேப்பரை மடித்தார். "மகளும் பேரப்பிள்ளையும். பெத்துப் பன்னெண்டு நாளு."

"அவங்களை உடனே இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நான் உள்ள போய்ப் பாக்கணும்."

"பாத்தாச்சுன்னு படத்துல எழுதியிருக்கீகளாம்ல? பாத்தவுக எதுக்கு இன்னொருக்கப் பாக்கணும்?"

அவர் குரலில் கிண்டல் இருந்தது. கண்ணில் அது இல்லை. நான் உண்மையைச் சொன்னேன். "பாக்கல. உங்க சீட்டை நம்பி எழுதிட்டேன்."

"அப்பப் பொய்யி எழுதுனது நீங்க. எழுத வச்சது நானு" என்றார். அப்படியும் எழுந்திருக்கவில்லை. "வெள்ளிக்கிழம பிள்ளைக்குப் பேரு வைக்கச் சம்பந்தி வீட்டாளுக வாராக. மராமத்து ஆளுக இந்த வாசல் ஏறுனா, மத்தியானத்துக்குள்ள தெருவுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள்ள அவுகளுக்குத் தெரியும்."

என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. மகள் மேல் மச்சு இறங்கும் என்று தெரிந்தும் ஒரு தகப்பன் வாசலை விடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால், உள்ளே இருப்பது வெறும் வெடிப்பு இல்லை என்று மட்டும் புரிந்தது. அவரைத் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். இன்று நான் அதைத்தான் செய்வேன். அன்று நின்ற இடத்திலேயே நின்றேன்.

அப்போது அவர் மனைவி உள்ளேயிருந்து வேகமாக வந்தார். பின்வாசலில் அந்த லாரிக்காரர் நிற்கிறார், சந்து வழியாக வரட்டுமா என்று கேட்கிறார் என்று சொன்னார். கதிரேசன் எழுந்து உள்ளே நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் தடுக்கவில்லை.

பின்வாசல் நிலைக்கு வெளியே பழனிச்சாமி நின்றார். காலில் செருப்பில்லை. கழற்றி ஓரமாக வைத்திருந்தார்.

"ஏனுங்க, சந்துல ஆருமில்லீங்க. எங்கூட ரெண்டே பேருதான். ரெண்டு பேருமே எங்கூர்க்காரங்க, இங்க ஒருத்தரையும் தெரியாது. உள்ள பாத்தத உள்ளயே உட்டுட்டு வந்துருவாங்க" என்றார். பழனிச்சாமி இன்னும் தணிந்த குரலில் சொன்னார்: "நீங்க முன்னால போயி பேப்பரு படிங்க. தெரு பாக்கறப்ப நீங்க அங்க இருக்கோணும்."

கதிரேசன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, முன்கட்டுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அவர் மச்சுக்கு அடியில் ஜாக்கி ஏறிய இரண்டரை மணி நேரமும் அப்படியே உட்கார்ந்திருந்தார். தெருவில் போனவர்கள் வணக்கம் சொன்னார்கள். அவரும் தலையசைத்தார். ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை.

இரண்டாம் கட்டில் நான் பார்த்தது இதுதான். முற்றத்தைச் சுற்றி ஆறு கல் பீடங்கள் இருந்தன. அவற்றின் மேல் தூண்கள் இல்லை. தேக்குத் தூண்கள் நின்ற இடத்தில் மூன்று செங்கல் கட்டுகள், இரண்டு சவுக்குக் கம்பங்கள். ஆறாவதில் ஒன்றுமே இல்லை. அறைகளுக்கு நிலை இருந்தது, கதவு இல்லை. சாக்குப் படுதா தொங்கியது. வேலைப்பாடு செய்த மரத்தை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றிருக்கிறார்கள். செட்டிநாட்டுப் பக்கத்து வியாபாரிகள் பழைய மரத்துக்கு அலைந்த காலம் அது. வாங்கியவர்கள் தூணை எடுத்துக்கொண்டு போனார்கள். தூண் சுமந்த பாரம் மட்டும் இங்கேயே இருந்தது. அது நகர்ந்து நகர்ந்து வந்து, நாங்கள் இடித்த அந்தச் சுவரில் இறங்கியிருந்தது. முன்கட்டில் நான்கு தூண்களைப் பளபளப்பாக வைத்துக்கொண்டு, அந்தக் குடும்பம் எத்தனை வருடம் இந்தக் கூரைக்கு அடியில் படுத்து எழுந்தது என்று எனக்குத் தெரியாது.

மகள் படுத்திருந்த அறை உத்திரத்துக்கு நேர் கீழே. தாயும் சேயும் ஒதுங்கியிருக்க அந்த வீட்டில் மறைவான இடம் அது ஒன்றுதான். பழனிச்சாமி குழந்தையைத் தொடவில்லை. கதிரேசனின் மனைவியிடம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் எழுந்து முன்கட்டு அறைக்குப் போகும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அதன் பிறகுதான் கட்டைகளை உள்ளே எடுத்து வரச் சொன்னார்.

ஜாக்கி அவர் கைக்குப் பழகிய கருவி. உத்திரத்தைப் பழைய மட்டத்துக்கு ஏற்றிவிடலாம் என்று அவர் அழுத்த ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். "ஏத்தாதீங்க. தாங்கினா போதும்." வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகிய மரத்தை ஒரு நிமிடத்தில் தூக்கினால், மேலே இருக்கும் மச்சு பிளந்துகொள்ளும். அவர் கையை எடுத்துவிட்டார். அந்த நாளில் நான் செய்த ஒரே சரியான காரியம் அது. அதையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன். தவறு செய்தவன் அதோடு ஒதுங்கிவிடக் கூடாது. தனக்குத் தெரிந்ததை அந்த நேரத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பன்னிரண்டே கால் மணிக்குக் கட்டைகள் நின்றன. சவரிமுத்து அந்தப் பக்கமிருந்து, எடுத்த செங்கல்லைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். பழனிச்சாமி வந்த வழியே பின்சந்தில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். முன்கட்டுப் பக்கம் அவர் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தார்கள். முன்கட்டிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகும் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடக்கிறது, தூசி பிள்ளைக்கு ஆகாது என்று கதிரேசன் சொன்னாராம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முன்கட்டில் பெயர் வைத்து, இலை போட்டுச் சாப்பிட்டுப் போனார்கள்.

என் கதைக்கு வருகிறேன். மறுநாள் சனிக்கிழமை, வரைபடத்துக்கு அனுமதி தந்த நகராட்சி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். தென்சுவர் பின்பாதியில் பொதுச்சுவர், நான் மறுபுறம் பார்க்காமலே பார்த்ததாக எழுதிவிட்டேன், திருத்திய படம் இணைத்திருக்கிறேன். தூண்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மூன்று மாதம் என் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். நியாயம்தான். திருத்திய படத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கதிரேசன் அதே நீல மையில் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "இந்தத் தடவ உள்ள வந்து பாத்துட்டுத்தான் எழுதியிருக்கீக" என்றார்.

சுவர் நின்றுவிட்டதால் பழனிச்சாமியின் புது வீட்டுக் கூடம் ஒன்றரை அடி குறுகியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார். நான் போகும்போதெல்லாம் சொன்னார். "படம் போட்டவருக்குக் கண்ணு ரெண்டு இருக்குதுங்களே, சொவரு ஒண்ணுன்னு தெரியலீங்களா?" உள்ளே நடந்தது அவருக்குக்கூடத் தெரியாது என்பதை அந்தக் கேள்வியிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

தெரு வேறு மாதிரி பேசியது. லாரிக்காரன் ஆட்டம் போட வந்தான், முதலாளி ஒரு வார்த்தை சொன்னார், சுவரை இடிக்காமல் வாலைச் சுருட்டிக்கொண்டான் என்றார்கள். பழனிச்சாமி அதை மறுக்கவில்லை. கதிரேசனும் மறுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்று பேர் மௌனத்தையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். பழனிச்சாமியின் மௌனம் ஒரு கொடை. என்னுடையது, அன்று பின்சந்தில் செருப்பை மாட்டும்போது பழனிச்சாமி என்னிடம் வாங்கிக்கொண்ட வாக்கு. கதிரேசனின் மௌனத்துக்கு இன்றுவரை நான் பெயர் வைக்கவில்லை.

1989-இல் கதிரேசன் குடும்பம் பழனி ரோட்டு மனைக்குப் போனது. அந்த வீட்டை நான்தான் வரைந்தேன். மகன் கேட்டபடி ஒட்டிய குளியலறை, சுற்றிலும் ஆளுயர மதில், இரும்புக் கேட்டு. பழனிச்சாமி தெருவிலேயே இருந்தார். வளைந்த பால்கனி வைத்தார், பச்சை வண்ணம் அடித்தார், கிரானைட்டில் பெயர் வெட்டிப் பதித்தார். பார்க்க அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வாசற்கதவு பகல் முழுவதும் திறந்திருந்தது. தண்ணீர் வராத நாளில் தெருப் பெண்கள் குடத்தோடு அவர் பின்கட்டு வரை போய்வந்தார்கள். மூத்த பெண்ணை அந்தத் தெருவிலிருந்தே கட்டிக்கொடுத்தார்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அன்று நடந்ததை நான் பலமுறை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். "ரெண்டாங்கட்டு வரைக்குங்களா?" என்று ஜனவரியிலேயே அவர் கேட்டார். இடிக்கிற வேலைக்கு ஸ்லீப்பர் கட்டையும் ஜாக்கியும் காலையிலேயே வந்து இறங்கின. அந்த வீட்டுக்குள் முதன்முறை வருகிறவர் வழி கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை, பின்வாசலிலிருந்து நேராக உத்திரத்துக்கு அடியிலிருந்த அறைக்கு நடந்தார்.

1988 டிசம்பரில் காரைக்குடிப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, பழைய மரம் வாங்கி விற்கும் ஒருவரைச் சந்தித்தேன். திண்டுக்கல்லில் ஒரு பின்சந்திலிருந்து ஆறு தேக்குத் தூண்களை ஏற்றி வந்த லாரி நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நினைவிருந்தது. யார் லாரி என்று தெரியவில்லை. டிரைவர் தலைக்கு மேலே பழனி முருகன் படம் இருந்தது என்றார். எங்கள் பக்கத்து லாரிகளில் எதில்தான் அது இல்லை?

பழனிச்சாமியிடமே ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "லாரிக்காரனுக்கு ஏத்துனதுலருந்து எறக்குற வரைக்குந்தாங்க பாரம். அதுக்கப்புறம் அது யாருதுன்னு பேசறது தொழிலுக்கு ஆகாதுங்க."

அவர் லாரிதான் அந்தத் தூண்களை ஏற்றிப் போனது என்றால், அந்த வீடு வெறுமையானது அவருக்கு முதலிலிருந்தே தெரியும். தெருவில் ஒருவரிடமும் சொல்லாமல், என்னை மட்டும் ஒரு கேள்வி கேட்டார், நான் என் கையெழுத்தைக் காட்டினேன், அதை நம்பினார். முழுக்க நம்பாமல் ஆறு கட்டைகளையும் இறக்கி வைத்தார். அவர் லாரி இல்லை என்றால் எல்லாமே தற்செயல். எது உண்மை என்று தெரிந்த இருவரும் போய்விட்டார்கள். எந்த லாரி எங்கே எதை ஏற்றிப் போனது என்று எழுதும் பழனிச்சாமியின் பழைய டிரிப் ஷீட்டுகளை 1991-இல் தேடினேன். கரையான் அரித்துவிட்டதாக அவர் மருமகன் சொன்னார்.

தூண்களை ஏற்றிய லாரி பழனிச்சாமியுடையதா என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.